அறக்கொட்டியும் ஓநாய்ச் சிலந்தியும்: படுவான்கரை வயலுக்காகச் செய்த ஒரு கணினி மாதிரி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு பெரும்போகத்தின்போது நடந்தது இது. முதலில் இதில் ஐந்து பேர் இருந்தோம்: கணினி படிக்கும் மூன்றாம் வருட மாணவி ஒருவர், மாணவன் ஒருவர், அவர்களுக்கு வழிகாட்டிய நான், மாணவியின் தாய்மாமனான ஒரு விவசாயி, அந்தப் பக்கத்தில் பல வருடம் வேலை செய்த விவசாயப் போதனாசிரியர் ஒருவர். ஆறாவதாக மாணவனின் சித்தப்பா வந்து சேர்ந்தார். நட்டம் வந்தது அவருடைய வயலில். அந்த நட்டத்தில் எங்கள் வேலைக்கும் பங்கு இருக்கிறது. நடந்ததைத் தொடக்கத்திலிருந்து எழுதி வைக்க வேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் அதுதான்.

இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு முன்னோடியாக, இரையும் இரைகௌவியும் எப்படிக் கூடிக் குறைகின்றன என்பதைக் கணினியில் காட்ட மாணவர்கள் விரும்பினார்கள். ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுங்கள் என்றேன். மாணவி உடனே அறக்கொட்டியைச் சொன்னாள். நூல்களில் கபிலநிறத் தத்தி என்று வரும் பூச்சி அது. நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். கூட்டம் பெருத்தால் வெள்ளாமை வட்டம் வட்டமாகக் காய்ந்து, நெருப்புப் பட்டது மாதிரி நிற்கும். அதை உண்ணும் உயிர்களில் முக்கியமானது ஓநாய்ச் சிலந்தி. வலை பின்னாமல், தண்ணீருக்கு மேலே தண்டுகளுக்கிடையில் ஓடித்திரிந்து பிடிக்கும் சிலந்தி அது.

மருந்தடித்தால் சிலந்தியும் சேர்ந்து சாகும், தத்தி முன்னையைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்பது ஆசிய நெல் நாடுகள் பட்டு அறிந்த விடயம். இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிநாசினிகளைத் தடை செய்தது இந்தப் பூச்சியால்தான். தத்தியின் முட்டை இலையுறைக்குள் பொதிந்திருப்பதால் பெரும்பாலான மருந்துகளுக்குத் தப்பிவிடும். சில நாளில் குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றைப் பிடிக்கச் சிலந்தி இருக்காது. இதைத் திரையில் காட்டினால் விவசாயிகளுக்குப் பயன்படும் என்று நம்பினோம். நோக்கத்தில் பிழை இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை.

ஏன் முகவர் மாதிரி

இரை, இரைகௌவி பற்றிய கணக்கு 1920-களிலேயே வந்துவிட்டது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி குறைந்தபோது, சந்தைக்கு வந்த மீன்களில் சுறா வகைகளின் பங்கு கூடியிருந்தது. அதைக் கவனித்த உயிரியலாளர் உம்பேர்த்தோ தங்கோனா, கணிதவியலாளர் விற்றோ வோல்டெராவிடம் காரணம் கேட்டார். வோல்டெரா 1926-ல் வெளியிட்ட சமன்பாடுகள் அதற்கு விடை சொன்னன. அல்பிரட் லொட்கா தனியே அதே வடிவத்துக்கு வந்திருந்ததால் இருவர் பெயரும் அவற்றுக்கு நிலைத்தது. இரண்டு இனங்களையும் ஒரே அளவில் கொன்றால் சராசரியில் இரை கூடும், இரைகௌவி குறையும் என்பது அந்தச் சமன்பாடுகளின் ஒரு முடிவு. மருந்தடித்த வயலில் நடப்பதும் அதுபோலத்தான்.

ஆனாலும் சமன்பாட்டை நாங்கள் எடுக்கவில்லை. அதில் சிலந்தியின் எண்ணிக்கை 0.003 ஆகவும் போகலாம், அந்த 0.003 சிலந்தி பிறகு பெருகி மீண்டும் வரவும் செய்யும். வயலில் கடைசிச் சிலந்தி செத்தால் செத்ததுதான். முகவர் மாதிரியில் ஒவ்வொரு பூச்சியும் தனித்தனி முகவர்: தனக்கென்று ஒரு இடம், ஒரு வயது, உடம்பில் மிஞ்சியிருக்கும் சக்தி என எல்லாம் அதற்கு உண்டு. எங்கே யார் இருக்கிறார் என்பதும் கணக்கில் வரும். இந்தத் தெரிவு சரியானதே.

முதல் மாதிரி: ஐப்பசி

ஊரி விலென்ஸ்கி 1999-ல் வெளியிட்ட நெட்லோகோ என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டோம். அதன் மாதிரி நூலகத்தில் ஓநாயும் செம்மறியும் பற்றிய பெயர்பெற்ற மாதிரி ஒன்று இருக்கிறது. தொடக்க அமைப்பில் 100 செம்மறி, 50 ஓநாய். செம்மறி புல் தின்றால் 4 அலகு சக்தி, ஓநாய் செம்மறியைத் தின்றால் 20. ஒவ்வொரு படியிலும், அதாவது மாதிரியின் கடிகாரம் ஒரு தடவை நகரும்போதும், செம்மறி 4 சதவீத வாய்ப்போடும் ஓநாய் 5 சதவீத வாய்ப்போடும் குட்டி போடும். தின்ற புல் 30 படியில் திரும்ப முளைக்கும்.

மாணவர்கள் செம்மறியைத் தத்தியாகவும் ஓநாயை ஓநாய்ச் சிலந்தியாகவும் புல்லை நெல்லாகவும் மாற்றினார்கள். பெயர் பொருந்தியதில் எங்களுக்கு மகிழ்ச்சி. எண்களைச் சற்று மாற்றி ஓட்டியதும் இரண்டு வளைகோடுகள் ஒன்றையொன்று துரத்தி ஏறி இறங்கின. தத்தி கூடும், சிலந்தி பின்னால் கூடும், தத்தி சரியும், சிலந்தி சரியும். பார்க்க மிக அழகாக இருந்தது.

அடுத்த கிழமை தொடக்க எண்களை மாற்றாமல் 100 தடவை ஓட்டச் சொன்னேன். அந்த மென்பொருளில் அதற்கென்றே ஒரு கருவி உண்டு. அழகான அலை வந்த ஓட்டங்கள் பாதிக்கும் குறைவு. மற்றவற்றில் சிலந்திகள் எல்லாத் தத்தியையும் தின்று முடித்துத் தாமும் பட்டினியில் அழிந்தன, அல்லது சிலந்திகள் முதலில் அழிந்து தத்தி வயலை மூடியது. மாணவன் இதை நிரல் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடினான். பிழை இருக்கவில்லை. 1934-ல் கௌஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் கண்ணாடிக் குழாயில் பரமீசியம் என்ற ஒருகல உயிரையும் அதை உண்ணும் டிடினியத்தையும் ஒன்றாக விட்டபோதும் இதுவே நடந்தது: உண்பது உணவை முடித்தது, பிறகு தானும் முடிந்தது. 1958-ல் ஹஃபேக்கர் தோடம்பழங்களில் உண்ணிகளையும் அவற்றைத் தின்னும் வேறு உண்ணிகளையும் விட்டுப் பார்த்தபோது, பழங்களின் எண்ணிக்கையைக் கூட்டி, இடையிடையே வசலின் பூசித் தடை வைத்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து சில சுற்றுகள் தாக்குப்பிடித்தன. ஒளியவும் தப்பவும் இடம் இருக்க வேண்டும். எங்கள் திரையில் அப்படி ஒரு இடமும் இருக்கவில்லை.

இதற்கிடையில் எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்துவிட்டது. மாணவன் அழகான ஓட்டம் ஒன்றைக் கைபேசியில் படம்பிடித்து, ‘மருந்தடிக்காவிட்டால் சிலந்தி பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதி, குடும்பத்தாரின் வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் நம்பியதைத்தான் சொன்னான். அனுப்பக்கூடாது என்று நானும் சொல்லி வைத்திருக்கவில்லை.

வயலில் கண்டது: கார்த்திகை, மார்கழி

கார்த்திகைக் கடைசியில்தான் வயலுக்குப் போனோம். குருக்கள்மடத்தில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி அம்பிளாந்துறையில் இறங்கி, அங்கிருந்து மோட்டார் சைக்கிளில். மாமாவின் வயல் வீசி விதைத்தது, ஆகவே குத்துக் குத்தாக எண்ண முடியாது. போதனாசிரியர் கம்பியை வளைத்து ஒரு அடிக்கு ஒரு அடி சட்டம் செய்து தந்தார். அதை வயலில் இருபது இடத்தில் போட்டு, தண்டின் அடியைத் தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ணினோம். மருந்து எதுவும் அடிக்காத வயல் அது. தத்தி ஒன்றிரண்டு. சிலந்தி அதைவிட அதிகம்.

மாணவி குழம்பிவிட்டாள். இரை இல்லாமல் இரைகௌவி எப்படி இவ்வளவு? எங்கள் மாதிரியில் தத்தி வருவதற்கு முன் சிலந்தியை விட்டால் பத்துப் படிக்குள் செத்துவிடும். மடிகணினியைத் திறந்து மாமாவுக்குக் காட்டினாள். வாடியில் இருந்து அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தண்ணி கட்டி ரெண்டு கிழமைக்குள்ள சின்னச் சின்னக் கொசு மாதிரி மேலெழும்பும் மகள். சிலந்தி அதத் தின்னுதான் கிடக்கும். உங்கட பெட்டிக்குள்ள அது எங்க?”

எங்கள் பெட்டிக்குள் அது இல்லை. இந்த முழு வேலையிலும் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய திருத்தம் அந்த ஒரு கேள்வி. சேற்றில் மட்கும் வைக்கோலையும் பாசியையும் தின்று வளரும் நுண்ணிய ஈக்கள்தான், தத்தி வருவதற்கு முந்திய வாரங்களில் சிலந்தியைத் தாங்குகின்றன. ஜாவாவின் வயல்களில் செய்து 1996-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. நான் அதைப் பிறகுதான் தேடி வாசித்தேன். மாமாவுக்கு அது சிறுவயதிலிருந்தே தெரியும்.

போதனாசிரியர் இன்னொன்று கேட்டார்: “உங்கட சிலந்தி எத்தின நாளைக்கு ஒருக்கால் குஞ்சு பொரிக்குது?” நாங்கள் கொடுத்திருந்தது படிக்கு 5 சதவீதம், ஒரு படி ஒரு நாள். ஓநாய்ச் சிலந்தியின் ஆயுளே மூன்று நான்கு மாதம். நெல்லோ மூன்றரை மாத இனம், 105 நாளில் அறுவடை. தத்திக்கு முட்டையிலிருந்து முட்டைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஒரு போகத்தில் அது மூன்று தலைமுறை காணும். சிலந்திக்கு ஒரு தலைமுறையே முழுதாக முடியாது. வயலில் சிலந்தி கூடுவது பெரும்பாலும் வரம்பிலிருந்தும் பக்கத்து நிலத்திலிருந்தும் நடந்து வருவதால். அப்படியென்றால் நாங்கள் மயங்கிப் பார்த்த அந்த அலை, 105 நாளில் ஒரு சுற்றுக்கூட ஓட வாய்ப்பில்லாத அலை. வயலில் முக்கியமான கேள்வி வேறு: தத்தி வந்திறங்கும் நாளில் சிலந்தி ஏற்கெனவே அங்கே இருக்கிறதா?

மார்கழியில் மழை விடவில்லை. இரண்டு கிழமை வயலுக்குள் இறங்க முடியாமல் போனது. அந்த இடைவெளியை நேர்கோட்டால் நிரப்பலாமா என்று மாணவன் கேட்டான். வெறுமையாகவே விட்டோம்.

திருத்திய மாதிரி: தை

மாதிரியை முதலிலிருந்து எழுதினார்கள். இரவல் வாங்கிய நிரலில் வலது ஓரத்தால் வெளியேறும் பூச்சி இடது ஓரத்தால் உள்ளே வரும். அதை நிறுத்தி, நான்கு பக்கமும் வரம்பு வைத்து, சிலந்தி அங்கிருந்து வருவதாகச் செய்தோம். போகத்துக்குள் சிலந்தி பெருகுவதை எடுத்துவிட்டோம். தத்திக்கு முட்டை, குஞ்சு, வளர்ந்தது என்று மூன்று பருவம் வந்தது: முட்டை எட்டு நாள், குஞ்சு இரண்டு கிழமை. தண்ணீர் கட்டிய சில நாளில் சிறு ஈக்கள் எழும்பும். தத்தி காற்றோடு வெளியிலிருந்து வரும். 105-ஆம் நாள் எல்லாம் நிற்கும்.

இந்த முறை முடிவுகள் அழகாக இருக்கவில்லை, ஆனால் வயலோடு பேச முடிந்தது. சிறு ஈக்கள் இருந்த ஓட்டங்களில் தத்தி வரும்போது சிலந்தி காத்திருந்தது. இருபதாம் நாளில் மருந்தடித்ததாக வைத்தால் சிலந்தி அழிந்து, போகத்தின் பிற்பாதியில் தத்தி ஏறியது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து சிலந்தியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது என்று எழுதியது நாங்கள்தான். ஆகவே இந்தக் கடைசி முடிவின் பெரும்பங்கு நாங்கள் உள்ளே வைத்தது திரும்பி வந்ததே. அது புதிய ஆதாரமாகாது.

எண்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் கெட்டது. ஒரு ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 இரை வரை உண்ணும் என்று நெல் ஆய்வு நூல்கள் சொல்கின்றன. 15 என்று வைத்தால் பெரும்பாலான ஓட்டங்களில் சிலந்தி வயலைக் காப்பாற்றியது. 5 என்று வைத்தால் தத்தி மிஞ்சியது. இரண்டும் ஏற்றுக்கொண்ட எல்லைக்குள் இருக்கும் எண்கள். காற்றோடு வந்திறங்கும் தத்தியின் தொகையைக் கூட்டினால், எந்த எண்ணை வைத்தாலும் சிலந்தி தோற்றது. ஒரு குறிப்பிட்ட வயலுக்கு ‘அடிக்காதே’ என்று சொல்லும் தகுதி இந்த மாதிரிக்கு இல்லை.

சித்தப்பாவின் வயல்

அதே கிழமை மாணவன் தொலைபேசியில் அழைத்தான். சித்தப்பாவின் வயலில் வட்டம் வட்டமாகக் காய்ந்திருக்கிறது என்றான். குரல் உடைந்திருந்தது.

நாங்களும் போதனாசிரியரும் மறுநாள் போனோம். சட்டத்தைப் போட்டு எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை; தண்டின் அடி முழுக்கத் தத்தி. சிலந்தியைத் தேடித்தான் காண வேண்டியிருந்தது. விசாரித்தபோது வரிசை தெளிவானது. விதைத்து மூன்றாவது கிழமையில் இலைசுருட்டிப் புழுவுக்கென்று அவர் மருந்தடித்திருக்கிறார். அதற்குப் பிறகு வட்ஸ்அப் படத்தைப் பார்த்திருக்கிறார். தை பிறந்து அறக்கொட்டி கண்ணில் பட்டபோது, சிலந்தி பார்த்துக்கொள்ளும் என்று பத்து நாள் பொறுத்திருக்கிறார். அவருடைய வயலில் சிலந்தி ஏற்கெனவே அழிந்திருந்தது. மருந்தும் இல்லை, சிலந்தியும் இல்லை; அந்தப் பத்து நாளில் தத்திக்குத் தடையே இருக்கவில்லை. பசளை கூடப் போட்டதால் வெள்ளாமை அடர்ந்து நின்றதும் அதற்கு உதவியிருக்கும் என்றார் போதனாசிரியர்.

மாணவன் மன்னிப்புக் கேட்டான். சித்தப்பா அவனைத் திட்டவில்லை.

“நீ காட்டின படத்தில சிலந்தி இருந்திச்சு மகன். என்ட வயலுக்குள்ள இருந்திச்சா எண்டு நீயும் பாக்கல்ல, நானும் பாக்கல்ல.”

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

அன்றைக்கு உடனடித் தேவை மீதி வயலைக் காப்பது. அதைப் போதனாசிரியரின் கையில் விட்டோம். தண்ணீரை வடித்து, காய்ந்த வட்டங்களைச் சுற்றி மட்டும், தண்டின் அடியில் படும்படி மருந்தடிக்கச் சொன்னார். மாதிரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது சரியான முடிவு. அந்த நேரத்தில் அந்த வயலுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்து, படத்தைத் திரும்பப் பெறுவது. அழித்தால் மட்டும் போதாது, பார்த்தவர்கள் மனதில் அது இருக்கிறது. குழுவில் இருந்த ஒவ்வொருவரையும் மாணவன் அழைத்து, அந்தப் படம் ஏன் அவர்களுடைய வயலுக்குப் பொருந்தாது என்று விளக்கினான். மூன்று நாள் எடுத்தது. இன்னொருவரும் மருந்தைத் தள்ளிப்போட்டிருந்தார். அவருடைய வயலில் எண்ணிப் பார்த்தபோது தத்தி குறைவு, சிலந்தி நிறைய. அவர் தப்பியது எங்கள் மாதிரியால் அல்ல. முன்னதாக மருந்தடிக்காததால்.

மூன்றாவதாக, மாசியில் விவசாயிகள் அமைப்பின் கூட்டத்தில் பேச ஏற்கெனவே நேரம் கேட்டிருந்தோம். அதைக் கைவிடுவதா என்று யோசித்தோம். மாணவி போகவேண்டும் என்றாள். போனோம். திரையும் வளைகோடும் கொண்டுபோகவில்லை. கம்பிச் சட்டத்தையும் ஒரு வெள்ளைத் தட்டையும் சித்தப்பாவையும் கொண்டுபோனோம். நடந்ததை அவரே சொன்னார். பிறகு எல்லோரும் பக்கத்து வயலில் இறங்கி எண்ணிப் பார்த்தார்கள். பலர் தத்தியின் எதிரிகளென்று சிலந்தியையும் தட்டானையும் அறிந்திருந்தார்கள். ஆனால் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்றார்கள். ‘அப்ப அடிக்கிறதா விடுறதா?’ என்று ஒருவர் கேட்டார். போதனாசிரியர் பதில் சொன்னார், நாங்கள் சொல்லவில்லை.

பின்னர்

சித்தப்பாவின் வயலில் காய்ந்த வட்டங்களில் ஒன்றும் தேறவில்லை. மீதி அறுவடையானது. மாமாவின் வயல் அந்தப் போகம் மருந்தில்லாமலே முடிந்தது. இதை எங்கள் மாதிரியின் வெற்றியாக அறிக்கையில் எழுத மாணவர்கள் விரும்பவில்லை, நானும் விடவில்லை. ஒரே ஒரு வயல், ஒரே ஒரு போகம். தத்தி அந்தப் பக்கம் குறைவாக இறங்கியிருக்கவும் கூடும்.

அறிக்கையில் இரண்டு மாதிரிகளையும் வைத்தார்கள், முதலாவதையும் மறைக்காமல். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதினார்கள்: வயலில் எண்ணியதா, நூலில் எடுத்ததா, ஊகமா. ஊகம் என்று வந்தவை பாதிக்கு மேல். மாதிரியை விவரிக்கும்போது, வோல்கர் கிரிம்மும் கூட்டாளிகளும் 2006-ல் முன்வைத்த ஒழுங்கைப் பின்பற்றினார்கள்: முதலில் நோக்கம், பிறகு யார் யார் முகவர்கள், ஒரு நாளில் எது எந்த ஒழுங்கில் நடக்கிறது என்று வரிசையாக. அந்த ஒழுங்கில் முதல் மாதிரியை எழுத முயன்றிருந்தால், நோக்கம் என்ற முதல் வரியிலேயே தடுமாறியிருப்போம்.

இனி எதை மாற்றுவேன்

முதலில் வயலுக்குப் போவேன். நிரல் எழுத முன் குறைந்தது ஒரு மாதம், விவசாயி ஒருவரோடு. எந்தெந்த உயிர் எப்போது வருகிறது என்று அவர் சொல்வதைக் கேட்டுக் குறித்த பிறகே எவற்றை முகவராக வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். எங்கள் முதல் மாதிரியில் இரண்டு உயிர் இருந்ததற்கு ஒரே காரணம், இரவல் வாங்கிய மாதிரியில் இரண்டு விலங்கு இருந்ததுதான்.

ஒரு ஓட்டத்தைத் தனியாக யாருக்கும் காட்ட விடமாட்டேன், என் வீட்டாருக்குக்கூட. 100 ஓட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த படம் பார்க்க அசிங்கமாக, மயிர்க்கற்றை மாதிரி இருக்கும். அதைத்தான் காட்ட வேண்டும். அதில் சிலந்தி தோற்ற ஓட்டங்களும் தெரியும்.

போதனாசிரியரை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். தத்தியையும் சிலந்தியையும் நாற்பது வருடமாகப் பார்த்துவருபவர் பக்கத்தில் இருக்க, எண்களை இணையத்தில் தேடினோம்.

எண்ணுவதை விதைப்போடே தொடங்க வேண்டும். முன்னர் என்ன மருந்து, எந்தக் கிழமை அடித்தது என்பதை ஒவ்வொரு வயலுக்கும் எழுதி வைக்க வேண்டும். அந்த ஒரு வரி எங்களிடம் இருந்திருந்தால், சித்தப்பாவின் வயலுக்கு அந்தப் படம் பொருந்தாது என்று மார்கழியிலேயே தெரிந்திருக்கும்.

இந்தப் போகம் நான்கு வயல்களில் எண்ணுகிறோம். மாமா தன் கணக்கைப் பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதுகிறார். தத்தி, சிலந்தி என்ற இரண்டு நெடுவரிசைக்குப் பக்கத்தில் ‘சின்னக் கொசு’ என்று தானே மூன்றாவது நெடுவரிசை போட்டிருக்கிறார். நான்காவது வயல் சித்தப்பாவுடையது. அவர் இந்தமுறை இலைசுருட்டிக்கு அடிக்கவில்லை. அடிக்க வேண்டி வந்தால் முதலில் எங்களை எண்ண வரச்சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நாற்பது நாள் கணக்குக் கைக்கு வரும்வரை மாதிரியை ஓட்டுவதில்லை என்று மாணவர்கள் தாங்களாகவே முடிவெடுத்திருக்கிறார்கள். இன்று இருபத்தாறாம் நாள்.